ஒலியின் பொருள் அறிந்த கவிஞர் – இரவீந்திரநாத தாகூர்

வங்கமொழியின் அகராதிகள் ஒதுக்கிவைத்த சொற்களையும் இலக்கண நூல்கள் இடம் தர மறுத்த சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தவர் ஒரு பெருங்கவிஞர். கொட்டும் மழைக்கும், கொதிக்கும் உலைக்கும், பல்வலிக்கும், பாலைபோல் விரிந்த வெற்று வெளிக்கும் மக்கள் வாய்மொழியில் வழங்கிய ஒலிக்குறிப்புச் சொற்கள் வெறும் ஓசை அல்ல, பொருள் உணர்த்தும் ஆற்றல் மிக்க சொற்களே என்று அறிஞர் அவையில் எடுத்துரைத்தவரும் அவரே. ஆயினும் தம் கவிதைகளைத் தாமே வேற்றுமொழியில் பெயர்த்தபோது அத்தகைய ஒலிநயத்தையே அவர் முதலில் கைவிட நேர்ந்தது. அம்மொழிபெயர்ப்பே அவருக்கு உலகப்புகழ் தேடித் தந்தது. பின்னர் அப்புகழ் மங்குவதற்கு ஒரு காரணமாகவும் அமைந்தது. இரவீந்திரநாத தாகூரின் வாழ்வை இக்கோணத்தில் நோக்குவது, சொல்லின் ஒலியோடு நாள்தோறும் பழகும் கவிஞர்களுக்குப் பயன் தரும்.

இளமையில் கேட்ட ஒலிகள்

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜொராசங்கோ பகுதியிலிருந்த தாகூர் குடும்பத்துப் பெருமனையில் இரவீந்திரநாதர் பிறந்தார். தந்தையார் மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாதர். தாயார் சாரதா தேவி. பிள்ளைகள் பலர் நிறைந்த அவ்வில்லத்தில் கடைக்குட்டியாக வளர்ந்த அவர், பெற்றோரின் மடியில் வளர்ந்ததைவிடப் பணியாளர்களின் காவலில் வளர்ந்தார் என்பதே பொருந்தும். அடைபட்ட அறையின் சன்னல் வழியே தெரிந்த குளமும் ஆலமரமும் அவர்தம் கண்ணுக்கு விருந்தாயின. செவிக்கு விருந்தானவை பணியாளர் வாய்ப்பாட்டுகளும் கதைகளும்.

அவர் 1912இல் நூலாக வெளியிட்ட 'ஜீவன ஸ்மிருதி' என்னும் நினைவுக் குறிப்புகளில் இளமைக்கால ஒலி அனுபவங்கள் பெரிதும் இடம்பெற்றுள்ளன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள்களில், நீர் விழுவதையும் இலை அசைவதையும் கூறும் ஒரு சிறு தொடர் பாடநூலில் எதிர்ப்பட்டது. அதுவே தம் வாழ்வில் தாம் சந்தித்த முதற் கவிதை என்று அவர் பின்னாளில் எண்ணிப் பார்த்தார். அதன் கருத்து மிக எளியது. அதன் ஈற்றியைபோ படிப்பு முடிந்த பின்னும் நாள் முழுதும் சிறுவனின் உள்ளத்தில் மணியோசைபோல் ஒலித்துக்கொண்டிருந்தது.

அதே பருவத்தில் அவர் கேட்ட மழைப்பாட்டு ஒன்று வங்கக் குழந்தைகள் அனைவரும் அறிந்தது. மழைத்துளி விழும் ஓசையை அப்பாட்டு 'டாபுர் டுபுர்' என்னும் இரட்டையால் காட்டும். காளிதாசனின் மேகதூதம் முதியவர்களுக்கு எதுவோ அதுவே குழந்தைப் பருவத்துக்கு அந்த மழைப்பாட்டு என அவர் மதிப்பிட்டார். பின்னாளில் அப்பாட்டின் முதலடியையே தலைப்பாக்கித் தாமும் ஒரு கவிதை இயற்றினார். கிசோரி சட்டோபாத்தியாயர் என்னும் வீட்டுப் பணியாளர், தாசரதி ராயின் பாஞ்சாலிப் பாடல்களை மோனையும் எதுகையும் மின்ன விரைந்து பாடிக் காட்டியதையும் அவர் மறக்கவில்லை.

மற்றுமொரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. தந்தையாருடன் கங்கையில் படகுப் பயணம் சென்றபோது ஜெயதேவரின் கீதகோவிந்தம் அவர் கைக்குக் கிடைத்தது. வங்க எழுத்தில் அச்சான அப்பழைய பதிப்பில் பாடல்கள் அடி பிரிக்கப்படாமல் உரைநடைபோல் தொடர்ந்து அச்சிடப்பட்டிருந்தன. சிறுவன் இரவீந்திரனுக்கு அப்போது வடமொழியறிவு மிகக் குறைவு. சொற்பொருள் தெரியாமலே ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு படித்தான். எங்கே அடி முடிகிறது, எங்கே தாளம் திரும்புகிறது என்பதைத் தானே கண்டறிந்து மகிழ்ந்தான். பொருள் விளங்குவதற்கு முன்பே ஒலி உள்ளத்தில் ஓவியம் தீட்டவல்லது என்னும் உண்மையை அப்பருவத்திலேயே அவர் உணர்ந்தார் எனலாம்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் பள்ளியில் வாய்த்தது. நார்மல் பள்ளியில் நாள்தோறும் வகுப்புத் தொடங்குமுன் பிள்ளைகள் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாட வேண்டும். பொருளும் தெரியாது, சரியான ஒலிப்பும் தெரியாது. வாய்க்கு வாய் சிதைந்து, 'மேலாலிங் மேலாலிங்' என்பது போன்ற உருக்குலைந்த அசைகளாக அப்பாட்டு எஞ்சியது. மகிழ்வுடன் பாடுதலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரே அவ்வாறு சிதைந்திருக்கலாம் எனப் பிற்காலத்தில் ஊகித்து நகைத்தார். கீதகோவிந்தத்தின் ஒலி பொருளறியாத போதும் பேசியது. அயல்மொழிப் பாட்டின் ஒலியோ ஊமையாயிற்று. ஒலி தானாகவே எங்கும் பொருள் தருவதில்லை. ஒரு மொழிச்சூழலின் செவிப்பழக்கத்தில் ஊறிய பின்னரே பேசத் தொடங்குகிறது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் இவ்வுண்மை புலனாகும்.

பத்மை நதிக்கரையில்

1878இல் அவர் இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிறிதுகாலம் பயின்று பட்டம் எதுவும் பெறாமலே 1880இல் திரும்பினார். 1881இல் 'வால்மீகி பிரதிபா' என்னும் இசைநாடகத்தை இயற்றி நடித்தார். 1883இல் மிருணாளினி தேவியை மணந்தார். 1890களில் குடும்பத்து நிலங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவரைக் கிழக்கு வங்கத்தின் ஷிலைதஹ முதலிய சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றது. 'பத்மா' என்னும் படகுவீட்டில் தங்கி, ஆற்றங்கரை மக்களின் பேச்சையும் பாட்டையும் அவர் செவிமடுத்தார். நகரத்துப் புலவர் மொழியில் காணாத ஒரு வளம் அங்கே கிடைத்தது.

பெண்கள் குழந்தைகளைத் தாலாட்டவும் சோறூட்டவும் பாடிய சிறுபாடல்களைச் சேர்ப்பதில் அவர் ஈடுபட்டார். 1894இல் இப்பாடல்கள் பற்றிக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரை 1907இல் வெளிவந்த 'லோக சாகித்தியம்' என்னும் நூலில் சேர்ந்தது. கற்றோர் பொருட்படுத்தாத இப்பாடல்களில் தொடர்ச்சியான கருத்தைத் தேடுவது வீண் என்றும், மேகங்கள் உருமாறுவதுபோல் காட்சிகள் ஒலியின் கயிற்றைப் பற்றி ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்றும் அவர் விளக்கினார். நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு துறை வங்கத்தில் வேர்கொள்வதற்கு முன்பே எழுந்த முயற்சி இது என்பது எண்ணத்தக்கது.

அகராதி ஒதுக்கிய சொற்கள்

1893இல் தோன்றி 1894இல் பெயர் மாற்றம் பெற்ற வங்கீய சாகித்திய பரிஷத், வங்கமொழி ஆய்வுக்கு நடுவிடமாக விளங்கியது. ரமேஷ் சந்திர தத்தர் அதன் முதல் தலைவராகவும் தாகூர் துணைத்தலைவருள் ஒருவராகவும் இருந்தனர். அக்காலத்து வங்க இலக்கண நூல்கள் பெரும்பாலும் வடமொழி இலக்கணத்தின் நிழலாகவே இருந்தன. மக்கள் நாவில் வழங்கும் வங்கமொழிக்கென்று தனி இயல்பு உண்டு. அதனை அதன் வழக்கிலிருந்தே வரையறுக்க வேண்டும் என்று ஹரப்பிரசாத சாஸ்திரி முதலியோர் வாதிட்டனர். தாகூர் அவர்கள் பக்கம் நின்றார். இச்சூழலில் 1900ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதியதே ஒலிக்குறிப்புச் சொற்கள் பற்றிய கட்டுரை. 1909இல் வெளிவந்த 'சப்த தத்துவம்' என்னும் நூலில் அது இடம்பெற்றது.

அக்கட்டுரையின் சிறப்பு, ஓசையைப் போலச்செய்யும் சொற்களோடு அது நின்றுவிடாமையில் உள்ளது. இடி, மணி, மழை, பறவை ஆகியவற்றின் ஓசையை நாவால் போலச்செய்வது எல்லா மொழிக்கும் இயல்பு. வங்கமொழியோ ஓசையே இல்லாதவற்றையும் ஓசையாக மாற்றிக் கூறுகிறது. எலும்பைக் குடையும் குளிர் 'கன்கனே' எனப்படும். கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்த வெற்று நிலம் 'தூ தூ' எனப்படும். ஆளரவமற்ற வீடு 'காங் காங்' எனப்படும். பளிச்சிடும் வெண்மை 'தப்தபே'. கண்ணைக் கவரும் சிவப்பு 'டுக்டுகே'. கன்னங்கரிய நிறம் 'குச்குசே'. புண்ணில் தெறிக்கும் வலி 'டன்டன்'. இருளில் தனியே நடப்பவன் மெய்யில் ஊரும் அச்சம் 'சம்சம்'. குளிருக்கும் நிறத்துக்கும் வலிக்கும் அச்சத்துக்கும் ஓசை ஏது? செவிக்குரிய ஒலியைக் கொண்டு கண்ணும் மெய்யும் உணர்ந்ததைக் கேட்பவர் உள்ளத்தில் நேரே எழுப்புவதே இச்சொற்களின் தொழில். இவற்றை நீக்கிவிட்டு அதே உணர்வை விளக்கப் புகுந்தால் நீண்ட வாக்கியங்கள் வேண்டும். அவ்வாறு விளக்கிய பின்னரும் உணர்வு முழுமையாக வாராது என்பது தாகூர் கண்ட முடிபு.

இச்சொற்கள் ஒழுங்கற்ற உளறல்களும் அல்ல. உயிரெழுத்து மாறினால் பொருளின் அளவும் மாறுகிறது. கதவைத் தட்டும் பேரொலி 'கட்கட்' என்றால் அதன் மெல்லிய வடிவம் 'குட்குட்' ஆகிறது. இத்தகைய நுட்பங்களை எடுத்துக்காட்டித் தாகூர் அச்சொற்களை வரிசைப்படுத்தினார். இம்முயற்சியைத் தொடர்ந்து அறிவியல் அறிஞரும் இலக்கிய அறிஞருமான இராமேந்திரசுந்தர திரிவேதி, மெய்யெழுத்துகளின் பிறப்பிடத்துக்கும் சொல் உணர்த்தும் குறிப்புக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 1917இல் 'சப்தகதா' என்னும் நூலில் வெளிவந்தது. 'பாஷார் இங்கித்' என்னும் மற்றொரு கட்டுரையில் தாகூர் எதிரொலிச் சொற்களை ஆராய்ந்தார். தண்ணீரைக் குறிக்கும் 'ஜல்' என்பதோடு 'டல்' என்னும் பொருளற்ற எதிரொலி சேர்ந்து 'ஜல்-டல்' என வரும்போது, தண்ணீரும் அதுபோன்ற பிறவும் என்னும் பொருள் தோன்றுகிறது. தமிழில் 'தண்ணி கிண்ணி' என வழங்குவதும் இதுவே. அங்கே டகரம் செய்யும் தொழிலை இங்கே 'கி' செய்கிறது.

தமிழ் இலக்கண மரபு இப்பொருளைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடிப்படையில் உரிச்சொல் தோன்றும் என்பது தொல்காப்பிய உரியியலின் தொடக்கம். இரட்டைக்கிளவி பிரிந்து ஒலித்தால் பொருள் தராது என்பது கிளவியாக்கத்தின் விதி. 'சலசல' என்பது இசை. 'துடிதுடி' என்பது குறிப்பு. 'பளபள' என்பது பண்பு. தாகூர் கண்ட ஓசையுடையன, ஓசையற்றன என்னும் பாகுபாடும் இவ்வரையறைக்கு அண்மையில் நிற்கிறது. வடமொழி இலக்கணச் சட்டத்துள் அடங்காமல் வங்க அறிஞர்களைத் தடுமாறச் செய்த ஒரு சொல்வகைக்குத் தென்மொழி இலக்கணம் முன்னரே இடம் வகுத்திருந்தது என்பது நோக்கத்தக்கது. நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ, 1969இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய சொற்கள் இந்திய மொழிப்பரப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு கூறு என நிறுவினார். வேதமொழியில் அரிதாக இருந்த இவை பிற்கால வடஇந்திய மொழிகளில் பெருகியமைக்குத் திராவிடத் தொடர்பு காரணமாகலாம் என்னும் கருத்தும் இவ்வாய்வின் வழி வலுப்பெற்றது. மொழிக்குடும்பத்தால் வேறுபட்ட வங்கமும் தமிழும் ஒலிக்குறிப்பில் உறவாடுவதன் காரணம் இதனால் விளங்கும்.

கடல் கடந்த கவிதை

1901இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. 1902இல் மனைவியையும், 1903இல் மகள் ரேணுகாவையும், 1905இல் தந்தையாரையும், 1907இல் இளைய மகன் சமீந்திரநாதனையும் இழந்தார். இத்துயரத்தின் பின்னணியில் கனிந்த பாடல்கள் 1910இல் வங்க 'கீதாஞ்சலி' ஆயின. அதில் 157 பாடல்கள் உள்ளன. அவற்றுள் மிகுதியும் இசையோடு பாடத்தக்கவை.

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்து புறப்படவிருந்த அவர் நோய்வாய்ப்பட்டுப் பயணத்தைத் தள்ளிவைத்தார். ஓய்வுக்காக ஷிலைதஹ சென்று, புதிதாக எழுதும் வலிமை இல்லாத நிலையில், தம் பாடல்கள் சிலவற்றை ஆங்கில உரைநடையில் எழுதிப் பார்த்தார். மே மாத இறுதியில் தொடங்கிய கடற்பயணத்திலும் அப்பணி தொடர்ந்தது. இலண்டன் சென்றடைந்ததும் கையெழுத்துப்படி வைத்திருந்த பெட்டியை மகன் இரதீந்திரநாதர் சுரங்க இரயிலில் தவறவிட்டார். தொலைந்த பொருள் அலுவலகத்திலிருந்து அது மீட்கப்பட்டது. ஓவியர் ரோதன்ஸ்டைன் அப்படியைப் படித்து வியந்து கவிஞர் ஏட்ஸிடம் அளித்தார். 1912 நவம்பரில் இந்தியச் சங்கம் 750 படிகள் கொண்ட பதிப்பாக அதனை வெளியிட்டது. 1913 மார்ச்சில் மாக்மில்லன் பதிப்பு வந்தது. 1913 நவம்பரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இலக்கியத்துக்கான அப்பரிசை ஐரோப்பியர் அல்லாத ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

ஆங்கில கீதாஞ்சலியில் 103 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 53 மட்டுமே அதே பெயருடைய வங்க நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஏனையவை பிற தொகுதிகளைச் சேர்ந்தவை. மூலத்தின் யாப்பு, ஈற்றியைபு, திரும்ப வரும் பல்லவி, இசை ஆகிய எல்லாம் நீங்க, அமைதியான வசன நடை மட்டும் எஞ்சியது. மூலத்தில் மொழிபெயர்க்கவியலாத ஒலிநுட்பங்கள் நிறைந்துள்ளன என்று இந்திய நண்பர்கள் தமக்குக் கூறியதாக ஏட்ஸே தம் முன்னுரையில் குறிப்பிட்டார். ஐரோப்பிய வாசகர்களோ அவ்வசனத்தில் விவிலியத்தின் சாயலைக் கண்டனர். கீழைநாட்டு ஞானியின் குரலைக் கேட்டனர். மழைப்பாட்டில் மகிழ்ந்த, சொல்லோடு விளையாடிய, நகைச்சுவை மிக்க வங்கக் கவிஞரை அவர்கள் கேட்கவில்லை. குழந்தைக் கவிதைகளின் மொழிபெயர்ப்பான 'வளர்பிறை' 1913இல் வெளிவந்தபோதும் நிலைமை இதுவே. குழந்தையின் நாவில் துள்ளிய சந்தம் அங்கே நடைதளர்ந்து நின்றது.

மெலிந்த மொழிபெயர்ப்பு

இதற்குத் தாகூரின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணமன்று. ஒலிக்குறிப்புச் சொல்லின் இயல்பே மொழிபெயர்ப்பாளர்க்குத் தடையாகிறது. ஆங்கிலத்தில் ஓசையைப் போலச்செய்யும் பெயர்களும் வினைகளும் உண்டு. நிறத்தையும் வலியையும் வெறுமையையும் ஒலியாக்கும் சொற்கள் அதில் மிகக் குறைவு. இருப்பனவற்றுள் பலவும் குழந்தைப் பேச்சுக்கோ வேடிக்கைக்கோ உரியனவாகக் கருதப்படும். இந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் முன் மூன்று வழிகளே உள்ளன. ஒலியை அப்படியே எழுத்துப்பெயர்த்தால் அயலார்க்கு அது பொருளற்ற ஓசையாகும். நார்மல் பள்ளிப் பாட்டின் நிலையே நேரும். இணையான ஒலிச்சொல்லைத் தேடினால் ஒன்று கிடைக்காது, அல்லது கவிதையின் பெருமிதம் குலையும். ஒலியை விட்டுவிட்டு ஓர் அடைமொழியால் விளக்கினால் கருத்து தங்கும், உணர்வு நீங்கும். தாகூர் மூன்றாவது வழியையே பெரும்பாலும் மேற்கொண்டார். அதிலும் கடினமான இடங்களைச் சுற்றிச் சென்றார்.

அதனை அவர் அறியாமல் இல்லை. 1921இல் எட்வர்டு தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில், மொழிபெயர்க்கும்போது இடர்ப்பாடான இடங்களுக்கு அஞ்சி ஒதுங்குவதாகவும், அதனால் கவிதைகள் வழவழப்பாகி மெலிந்து போவதாகவும், மேலைநாட்டார் முன் தம்மைத் தாமே தவறாகக் காட்டிக்கொண்டிருப்பதாகவும் வருந்தி எழுதினார். ஒலியே பொருள் என்பதை ஆய்ந்து நிறுவியவருக்கு அவ்வொலியைத் தம் கையாலேயே களைய நேர்ந்ததைவிடப் பெரிய துன்பம் வேறில்லை. பிற்காலத்து ஆங்கில நூல்கள் முன்னையவற்றின் நிழல்களாயின. 1935இல் ஏட்ஸே அவற்றைக் குறித்து நண்பருக்குக் கசப்புடன் எழுதினார். உலகப்போர் தந்த மனமாற்றமும், தேசியவெறிக்கு எதிராகத் தாகூர் ஆற்றிய உரைகளும் மேற்கில் அவர் மதிப்பு குறையத் துணைக்காரணங்கள் ஆயின. எனினும் மெலிந்த மொழிபெயர்ப்பின் பங்கு சிறிதன்று.

அம்மெலிவு ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. பிரெஞ்சில் ஆந்த்ரே ழீடும், ஸ்பானியத்தில் செனோபியா, ஹிமெனெஸ் தம்பதியரும் ஆங்கில வழியாகவே தாகூரைப் பெயர்த்தனர். இந்திய மொழிகள் பலவற்றிலும் இந்நிலையே நேர்ந்தது. வங்கத்தின் ஒலிக்குறிப்புக்கு இணையான சொற்களைத் தன் வீட்டிலேயே வைத்திருந்த தமிழும் பலகாலம் அவரை ஆங்கிலத்தின் வழியே பெற்றது. த. நா. குமாரசாமி, த. நா. சேனாபதி ஆகியோர் வங்கமொழி பயின்று நேரே மொழிபெயர்த்தமை இவ்வகையில் போற்றத்தக்கது.

நேரே பெயர்ப்பவர்க்கும் பணி எளிதன்று. 'தப்தபே' என்பதற்கு 'வெள்ளை வெளேர்' என்பது ஏறக்குறையப் பொருந்தும். 'காங் காங்' என்பதற்கு 'வெறிச்' என்பது அழகாகப் பொருந்தும். 'கன்கனே' குளிருக்கு 'வெடவெட' என்றால் ஒரு நுட்பம் தவறிவிடும். வங்கச் சொல் எலும்புக்குள் இறங்கும் குளிரைக் காட்டுகிறது. தமிழ்ச்சொல் குளிரில் நடுங்கும் உடலைக் காட்டுகிறது. ஒரே குளிரை இருமொழியும் இருவேறு இடத்தில் உணர்கின்றன. இந்த இடைவெளியை அறிந்து, அவ்விடத்துக்கேற்பச் சொல் தேர்பவரே நல்ல மொழிபெயர்ப்பாளர்.

மீண்டும் குழந்தைப் பாட்டுக்கு

1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து ஆங்கில அரசு அளித்திருந்த சர் பட்டத்தைத் தாகூர் துறந்தார். 1921இல் விசுவபாரதி முறையாக நிறுவப்பட்டது. உலகநாடுகள் பலவற்றுக்கும் அவர் சென்றார்; தம் அறுபதாம் வயதுக்குப் பின் ஓவியம் வரைந்தார். இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது, இறுதிப் பத்தாண்டில் அவர் தம் இளமைக்கால ஒலிகளிடமே திரும்பி வந்தமை.

1930இல் நந்தலால் போஸின் படங்களுடன் 'சகஜ பாட்' என்னும் தொடக்கப் பாடநூலை வெளியிட்டார். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு முதலில் அறிவுரை வேண்டியதில்லை. ஒலியும் காட்சியும் சேர்ந்த சிறு கவிதையே வேண்டும் என்னும் எண்ணம் அந்நூல் முழுதும் விளங்குகிறது. நீரும் இலையும் பேசிய தம் முதற்பாடத்துக்கு அவர் செய்த கைம்மாறாகவே அதனைக் கொள்ளலாம். 1937இல் வேடிக்கைப் பாடல்கள் அடங்கிய 'காப்சாடா' வந்தது. 1938இல் வெளிவந்த 'பங்களா பாஷா பரிசய்' என்னும் மொழிநூலில் பேச்சுவழக்கின் உயிர்ப்பை மீண்டும் ஆராய்ந்தார்.

1941இல் வெளியான 'கல்ப சல்ப' என்னும் கதைத்தொகுப்பில் 'வாசஸ்பதி' என்றொரு கதை உள்ளது. பண்டிதர் ஒருவர், அகராதி காட்டும் பொருளை நம்பாமல், ஒலித்த மாத்திரத்தில் தானே பொருள் விளங்கும் புதுச்சொற்களைப் படைக்கிறார். கடுமையான செயலுக்குக் கரடுமுரடான ஒலி. பெருமிதத்துக்கு நீண்டு முழங்கும் ஒலி. கேட்பவர் நகைக்கின்றனர், ஆயினும் ஏதோ விளங்குவதுபோல் தோன்றுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பரிஷத்தில் ஆய்வாக எடுத்துரைத்த கருத்தையே எண்பது வயதை நெருங்கிய கவிஞர் நகைச்சுவைக் கதையாக்கினார். ஒலியால் மட்டும் பொருளை முழுதும் உணர்த்திவிடலாம் என்னும் ஆசையின் எல்லையையும் அக்கதை மென்மையாகச் சுட்டுகிறது. அவ்வாண்டு ஆகத்து 7ஆம் நாள், பிறந்த ஜொராசங்கோ இல்லத்திலேயே தாகூர் மறைந்தார்.

நிறைவாக

தாகூர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின், வில்லியம் ரேடிஸ் 1985இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும், கேதகி குசாரி டைசன் 1991இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும், வங்க மூலத்தின் வடிவத்துக்கும் ஒலிக்கும் மதிப்பளித்து ஆங்கிலத்தில் வேறொரு தாகூரை அறிமுகம் செய்தன. கீதாஞ்சலியையும் ரேடிஸ் 2011இல் புதிதாகப் பெயர்த்தளித்தார். தாகூர் அஞ்சி ஒதுங்கிய இடங்களில் பிறர் துணிந்து நின்று முயன்றமையால், இழந்ததில் ஒரு பகுதியேனும் மீண்டது.

ஒலிக்குறிப்புச் சொல்லைப் பாமரர் வழக்கு என்றும் குழந்தை மழலை என்றும் ஒதுக்குவது எழுத்துலகில் பழகிப்போன மனப்பான்மை. தாகூரின் வாழ்வு அதற்கு மறுமொழியாக நிற்கிறது. அவரை முதலில் கவிஞராக்கியது தாலாட்டின் ஓசை. அவரை மொழியாய்வாளராக்கியது அகராதி கைவிட்ட இரட்டைச்சொல். உலகப்புகழ் பெற்ற நாளில் அவர் இழந்ததும், அந்திமக் காலத்தில் அவர் தேடி அடைந்ததும் அவ்வோசையே. 'சலசல' என்றும் 'வெறிச்' என்றும் 'வெடவெட' என்றும் தாயர் நாவில் இன்றும் வழங்கும் சொற்களை விளக்கம் தேடி மாற்றாமல், உரிய இடத்தில் உரிய அளவில் கவிதையில் வைப்பது கவிஞரின் கடன். பிறமொழியிலிருந்து கவிதை கொணர்வோர், மூலத்தை முதலில் வாய்விட்டுப் படித்துச் செவியால் கேட்ட பின்னரே எழுதுகோலைத் தொடுவது நன்று.